பொரிக்கு யார் கொடுத்தது?

சென்னியப்பனுக்கு டாக்டர்கள் என்றாலே இளக்காரம். காலமெல்லாம் பம்பு செட் மோட்டாரைப் பிரித்துப் பூட்டிக் காசு பார்த்தவர் ஆயிற்றே, மனித உடம்பும் ஒரு மோட்டார்தான் என்று முடிவு கட்டியிருந்தார். தொண்டை கட்டினால் இந்த மாத்திரை, வயிறு கலங்கினால் அந்த மாத்திரை, காரணமே தெரியாத காய்ச்சலுக்கு இரண்டும் சேர்த்து என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் கிடைத்த அந்தப் பொற்காலத்தில், கோயமுத்தூர் சரவணம்பட்டி 'கோல்டன் மேனர்' குடியிருப்பில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் தட்டுவது ஏ பிளாக்கில் அவர் வீட்டுக் கதவைத்தான். அவரும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார்.

அவருடைய வைத்தியத்துக்கென்று ஒரு தனிக் கொள்கை உண்டு. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். "அஞ்சு நாளைக்கு எழுதறது மருந்துக் கம்பெனிக்காரன் பொழைக்கறதுக்குங்க. காச்சல் விட்டா அதோட செரி, மிச்சத்த நம்ம ஒடம்பு பாத்துக்கும்" என்பார். அப்படி மிச்சமானதை வீட்டு நாய் பொரிக்கும் தயிர்ச்சோற்றுக்குள் வைத்து உருட்டிக் கொடுத்ததுண்டு. அது ஒரு தடவை இருமினால் அரை மாத்திரை, மறுபடியும் இருமினால் முழு மாத்திரை. அந்த வீட்டில் அவரிடம் சிக்காமல் தப்பித்தவள் மனைவி வசந்தாமணி ஒருத்திதான். கொடுக்கிற மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரும் குடித்து, அவர் தலை மறைந்ததும் முந்தானையில் துப்பிவிடுவாள்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கிருமிகள் எல்லாவற்றுக்கும் பழகிப் போயின. பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் பெற்றவள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நிலைமை வந்தது. கடைசியில் ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்ததால் ஜனங்கள் கடைசி ஊசி என்றே சொன்னார்கள். அரசாங்கம் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு மட்டும், அதுவும் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தது.

இந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வீட்டு நாய் பூனைகளின் குடலைச் சோதித்துவிட்டு, அங்கே மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடியிருப்பதாகச் சொன்னார்கள். மனிதக் குடலிலும் அதேதான் என்று அவர்கள் கூடவே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான், அவனுக்கு வாய் பேசத் தெரியாது, வக்கீல் வைக்கவும் தெரியாது. இதைவிட வேறென்ன வேண்டும்? ஊருக்கே அப்படியொரு நிம்மதி.

அதன்பின் மாதாமாதம் ஆட்கள் வந்தார்கள். நாயின் மலத்தில் துளி எடுத்து உள்ளங்கையளவு கருவி ஒன்றில் வைப்பார்கள். அடங்காத கிருமி இருந்தால் அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை, இல்லையென்றால் பச்சை. முதலில் கோல்டன் மேனரில் சிவப்பு அத்திப்பூத்தாற்போல்தான் இருந்தது. தைப்பூசம் கழிந்ததும் பார்த்தால் எந்த பிளாக்கில் நுழைந்தாலும் சிவப்பு. குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் சென்னியப்பன் அவசரக் கூட்டம் போட்டார்.

"குழந்தைக வெளையாடற எடம் இது. செவப்புப் பட்டை போட்ட ஒரு பிராணியும் இனி காம்பவுண்டுக்குள்ள இருக்கப்படாதுங்க. கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புல ஒரு பண்ணை இருக்குது. அங்க கொண்டு போய் விட்டுரலாம்" என்றார்.

பி பிளாக் தாரிணி எழுந்தாள். கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், தனியாக இருப்பவள், புல்லட் என்ற கிழட்டு லாப்ரடாருக்காகவே வாழ்பவள். புல்லட்டுக்கும் சிவப்பு விழுந்திருந்தது.

"மனுஷங்கள ஏன் அங்கிள் யாரும் டெஸ்ட் பண்றதில்ல?"

"மனுஷன் சோப்புப் போட்டுக் கை கழுவறான் அம்மிணி. உங்க புல்லட் கழுவுதா?"

கூட்டம் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. புல்லட் பண்ணைக்குப் போய், வைத்த சோற்றைத் தொடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்து, மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனது. சென்னியப்பன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, கீழேயே தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பையும் போட்டார்.

பொரி மட்டும் பச்சைப் பட்டையோடு ஏ பிளாக்கில் வலம் வந்தது. காரணம், அதை யாரும் சோதிக்கவே இல்லை. தலைவர் வீட்டு நாய்க்கு எதற்கு வீண் சிரமம் என்று, வந்த ஆட்களுக்கு ஃபில்டர் காபி கொடுத்துப் பட்டையை மட்டும் வாங்கி மாட்டியிருந்தார். இதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தன் வீட்டில் அசுத்தம் இருக்கும் என்ற எண்ணமே அவர் புத்தியில் உதிக்கவில்லை.

அப்புறம் வசந்தாமணிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள், போய்ச் சேர்வதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிடும். சர்க்கரை வியாதி வேறு. மூட்டை மாற்றாவிட்டால் படுக்கைதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றுவதென்றால் கடைசி ஊசி வேண்டும். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதே மருத்துவமனையின் கிருமித் தடுப்புப் பிரிவில் உட்கார்ந்திருந்த டாக்டர் நிலோபர். அவருக்கு சென்னியப்பனின் மகள் வயதுதான் இருக்கும். அதுவே சென்னியப்பனுக்குப் பாதி அவமானமாக இருந்தது.

"வீட்டுல இருக்கற எல்லா உயிரும் சுத்தமா இருக்கணும்ங்க சார். அப்பத்தான் ஊசி" என்றார் நிலோபர்.

"ஏனுங்க டாக்டர், ஆபரேஷன் அவளுக்குத்தானுங்களே? எங்க வீட்டுக்கா பண்ணப் போறீங்க?"

"உள்ள வைக்கிற மூட்டுல கிருமி ஒட்டிக்கிச்சுன்னா இந்த ஊசிதான் காப்பாத்தும். ஆனா வீட்டுல அடங்காத கிருமி ஒண்ணு இருந்து, அது அம்மாவுக்கு ஒட்டி, இந்த ஊசிக்கும் பழகிக்கிச்சுன்னா? அப்புறம் அம்மாவுக்கும் மருந்து இல்ல, ஊர்ல வேற யாருக்கும் இல்ல. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதானே."

மருத்துவமனை ஆள் வீட்டுக்கு வந்தான். காபி வேண்டாம் என்றான். பொரியைச் சோதித்தான். கருவி சிவந்தது.

மறுநாள் காலை வசந்தாமணி பொரியை மடியில் தலை வைக்கச் சொல்லி, காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எனக்கு ஆபரேஷனே வேண்டாமுங்க. நொண்டிக்கிட்டே இருந்துக்கறேன். இத அனுப்பாதீங்க" என்றாள்.

"பைத்தியமாட்டப் பேசாத. உன்ன இப்படியே பாத்துட்டு இருக்க என்னால ஆகாது."

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். அவள் சுவரைப் பிடித்து நடக்கிற சத்தம் கேட்டால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். பொரியின் மேலும் அவருக்கு உயிர். தினமும் மத்தியானம் தட்டில் கடைசியாக மிஞ்சும் தயிர்ச்சோற்றைத் தன் கையாலேயே நன்றாகப் பிசைந்து உருட்டி அதற்கு ஊட்டுவார். அது அவர் விரலிடுக்கு வரைக்கும் நக்கித் துடைத்துவிட்டுத்தான் நகரும். பண்ணையில் அதை விட்டுவிட்டுத் திரும்புகையில் அவர் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதார். அழுது முடித்ததும், எல்லாம் இந்த நாய்களால் வந்த வினை என்று திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

வீட்டைக் கழுவி, மெத்தையை மாற்றி, பினாயிலை வாரி இறைத்துவிட்டு நிலோபரிடம் போய் நின்றார். மருத்துவமனை இந்தத் தடவை வீட்டுக் கழிவுக் குழாயிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தது. மறுபடியும் சிவப்பு.

"நாய் இருந்த வாசம் போகலீங்க போல" என்றார் சென்னியப்பன்.

"உங்க நாய் டாய்லெட்டுலயா போகும்?"

அவர் ரிப்போர்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"புதுசா ஒரு மெஷின் வந்திருக்குங்க சார்" என்றார் நிலோபர். "கிருமி ஒரு ஒடம்புல இருந்து இன்னொரு ஒடம்புக்குப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டே போகும். அந்த மாத்தத்த வரிசையாப் படிச்சா, யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு கண்டுபுடிச்சிரலாம். உங்க ரெண்டு பேரோடதும் வேணும். பொரியோட சாம்பிள் இங்கயே இருக்கு."

"தாராளமாப் போடுங்க. அந்த நாய்க பண்ணின வேலை ஊருக்கே தெரியட்டும்" என்றார் சென்னியப்பன். சொன்னதோடு நிற்காமல், இப்படியொரு சோதனை நடக்கப் போகிறது, உண்மை வெளிவரும் என்று குடியிருப்புக் குழுவிலும் எழுதிவிட்டார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

முடிவு வந்த அன்று வசந்தாமணியும் சக்கர நாற்காலியில் கூட வந்திருந்தாள். நிலோபர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அம்மாகிட்ட கிருமி இல்ல. பொரிகிட்ட இருந்தது உங்ககிட்ட இருந்து போனதுங்க சார். உங்க ஒடம்புல அது பல வருஷமாக் குடியிருக்கு."

"மெஷின் தப்பாச் சொல்லுதுங்க. எனக்கு ஒரு சங்கடமும் இல்லயே, கல்லு மாதிரி இருக்கறேன்."

"குடல்ல சும்மா உக்காந்திருக்கறவரைக்கும் அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. நீங்க மாத்திரை போட்டப்பல்லாம் சாதுக் கிருமியெல்லாம் செத்துது, முரட்டுக் கிருமி மட்டும் தங்கிருச்சு. பாதியில நிறுத்தறது, தேவையில்லாமப் போடறது, மறுபடி ஆரம்பிக்கறதுன்னு நீங்களே அதுக்குப் பயிற்சி குடுத்திருக்கீங்க. பொரிக்கு என்ன குடுப்பீங்க?"

"சோறுதானுங்க."

"கையாலயே ஊட்டுவாருங்க டாக்டர். நாளும் தவறாம" என்றாள் வசந்தாமணி. குரலில் கோபம் இல்லை, அதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது. அவர் தன் வலது கையை ஒருமுறை பார்த்துவிட்டு வேட்டிமேல் வைத்துக்கொண்டார். அது பாசத்தோடு ஊட்டிய கை, அதில் பொய் கிடையாது. இத்தனை நாள் அந்தப் பாசத்தோடு என்னத்தைச் சேர்த்து ஊட்டினேன் என்று முதல் முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார்.

நிலோபர் இன்னும் முடிக்கவில்லை. "இந்த மெஷின் மத்த சாம்பிளோடயும் தானா ஒப்பிட்டுப் பாக்கும்ங்க. உங்க குடியிருப்புல சிவப்பான நாய், பூனை அத்தனையும் இதே கிருமிதான். தைப்பூசத்தப்ப ஏதாவது விசேஷம் நடந்துதா?"

நடந்தது. குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன முருகன் கோயிலில் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பஞ்சாமிர்தம் பிசைவது தலைவரின் உரிமை. மலைவாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சையும் தேனும் நெய்யும் கொட்டிய அண்டாவில் சென்னியப்பன் முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைவார். இளசுகள் கையுறை வாங்கி வந்து நீட்டியபோது, சாமிக்கு ரப்பர் கையிலயா பெசையறது என்று விரட்டிவிட்டார். தொன்னையில் வாங்கித் தின்றவர்கள் மிச்சத்தைத் தங்கள் செல்லங்களுக்கு வைத்தார்கள். புல்லட்டும் தொன்னையை நக்கியிருக்கும்.

"அப்ப... தின்ன மனுஷங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"அவங்கள யாரும் டெஸ்ட் பண்ணலயே சார். பண்ணினா உங்களுக்குத் துணைக்கு நிறையப் பேர் கிடைப்பாங்க."

வீட்டில் யாரிடம் கிருமி இருக்கிறதோ அவர், குடல் தானாக மாறிப் பச்சை ஆகிறவரைக்கும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. நாய்க்குச் சில மாதத்தில் மாறிவிடும். இவர் இத்தனை வருஷம் வளர்த்த கிருமிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இதையும் நிலோபர்தான் சொன்னார். சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். அன்றைக்குப் பொரிக்காக நொண்டிக்கொண்டே இருந்துக்கறேன் என்றவள்தானே, ஒரு வார்த்தை தனக்காகவும் அப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

வசந்தாமணி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "எனக்கு நடக்கோணுமுங்க" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

"அன்னைக்கு நாய்க்கோசரம் ஆபரேஷனே வேண்டாம்னியே."

"அது என்னங்க தப்புப் பண்ணுச்சு?"

குடியிருப்பில் கூட்டம் கூடியது. உண்மை வெளிவரும் என்று அவரே எழுதி வைத்திருந்ததால் எல்லாரும் தவறாமல் வந்திருந்தார்கள். அவரும் ஒரு நப்பாசையில், இந்தக் கிருமி எல்லார் குடலிலும் இருக்கலாம், எல்லாருமே ஒரு தடவை சோதித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். மண்டபத்தில் ஆளாளுக்குத் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூலம் இன்னதென்று அறிவியல்பூர்வமாகத் தெரிந்துவிட்ட பிறகு மற்றவர்களைச் சந்தேகிப்பது நாகரிகமில்லை என்றார். மற்றவர்களைச் சோதிக்கத் தேவையில்லை என்றும், பண்ணையில் பச்சையாகிவிட்ட பிராணிகளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றும், தலைவர் கூடிய சீக்கிரம் வேறு இடம் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது என்றும் ஒருமனதாக முடிவானது. எல்லாரும் அவரை மரியாதையாக ஐயா என்றே கூப்பிட்டார்கள், பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

போவதற்கு இடம்தான் இல்லை. பெங்களூர் மகன், "கைக்குழந்தை இருக்குதுங்கப்பா" என்று இழுத்தான். கோபிசெட்டிபாளையத்துத் தங்கை, வீட்டில் வெள்ளையடிப்பதாகச் சொன்னாள். போன மாதமும் அதைத்தான் சொல்லியிருந்தாள். சிவப்பென்றாலும் சேர்த்துக்கொள்கிற ஒரே இடம் அந்தத் தென்னந்தோப்புப் பண்ணைதான். பண்ணைக்காரர் நல்ல மனிதர். "நாய்க பக்கம் மட்டும் வராதீங்க, அதுகளுக்கு ஒட்டிரும்" என்று சொல்லி, தோப்பின் கோடியில் மோட்டார் ரூமை ஒழித்துக் கொடுத்தார்.

பெட்டியோடு கிளம்பியபோது ஏ பிளாக்குக்கு வந்திருந்த தாரிணியும் லிஃப்ட்டில் ஏறினாள். இறங்கிவிடுவாள் என்று நினைத்தார். அவள் இறங்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார், அதற்குக்கூடத் தயாராகத்தான் இருந்தார்.

"அங்க மாமரத்தடியிலதான் புல்லட்டப் பொதச்சிருக்காங்களாம் அங்கிள்" என்றாள் அவள். "எனக்குப் போய்ப் பாக்க மனசு வரல. நீங்க பாத்துட்டு, எடம் சுத்தமா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். பண்ணைக்குப் போனதும் முதல் வேலையாக மாமரத்தடியில் முளைத்திருந்த பார்த்தீனியச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணைக் கொத்திவிட்டு, அங்கேயே குந்திக்கொண்டு வெகுநேரம் தேம்பினார். சங்கத் தலைவர் அழுவதை அங்கே பார்க்க யாரும் இல்லை.

வசந்தாமணிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கடைசி ஊசி வேலை செய்தது. புது மூட்டில் ஒரு சின்னக் காய்ச்சல்கூட வரவில்லை. சென்னியப்பன் மோட்டார் ரூமில் உட்கார்ந்து போனில் கேட்டுக்கொண்டார். மாதாமாதம் ஆள் வந்து இப்போது அவருடைய மாதிரியை எடுத்துப் போனான். மாதாமாதம் சிவப்பு. நாய்களுக்குக் கழுத்தில் போடுவதை மனிதர்களுக்கு மணிக்கட்டில் போடுகிற அளவுக்கு அரசாங்கத்துக்கு இங்கிதம் இருந்தது.

அவள் நடப்பதைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோல்டன் மேனர் வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் சலாம் வைத்துவிட்டு, கம்பிக் கதவைத் திறக்காமல், "வெளிய நின்னே பேசிக்கங்க சார்" என்றான். சென்னியப்பன் நின்றார்.

கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி வசந்தாமணி வந்தாள். சுவர் இல்லை, கைத்தடி இல்லை. நேராக, கொஞ்சம் மெதுவாக, கல்யாணமான புதிதில் மருதமலைப் படியேறியவள் மாதிரியே நடந்து வந்தாள். இதற்காக இன்னும் பத்து வருஷம் தோப்பில் கிடக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கண் நிறைந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அவள் கையில் பிடித்திருந்த வாரின் மறுமுனையில் பச்சைப் பட்டையோடு பொரி.

பொரி அவரை மோப்பம் பிடித்துவிட்டது. வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, கம்பிக் கதவை நோக்கி இழுத்தது. சென்னியப்பன் தன்னை மறந்து குனிந்து, கம்பிக்கிடையே வலது கையை நீட்டினார்.

வசந்தாமணி நின்றுவிட்டாள். வாரைச் சட்டென்று இறுக்கிப் பிடித்தாள். "எப்படி எளைச்சுட்டீங்க" என்றாள் அவரிடம். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு குனிந்து பொரியின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்:

"வேண்டாஞ் சாமி. அவரு கைய நக்கப்படாது. நீ இப்பத்தான் சுத்தமாயிருக்கற."

சென்னியப்பன் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பொரி வாலை ஆட்டியபடி, அந்தக் கை மறுபடி வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.